ரத்தம் சொல்லாததும் சதைத் துணுக்கு சொல்வதும்

மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு உடல் திரவங்களில் கிடைத்த மிகப் பழைய அடையாளங்களில் ஒன்று சிறுநீரின் நிறம். நோய் முற்றியவர்களில் சிலருடைய சிறுநீர், பிடிக்கும்போது வழக்கமான நிறத்தில்தான் இருக்கும். காற்றுப்பட வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பேறி, கடைசியில் கறுத்துவிடும். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் இதைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனினைத் தயாரிக்கிற செல்கள்தான் மெலனோமாவில் கட்டுமீறிப் பெருகுகின்றன. முழு மெலனினாக மாறாத மூலப்பொருட்கள் அந்தச் செல்களிலிருந்து ரத்தத்தில் கசிகின்றன, சிறுநீரகம் வழியாக வெளியேறுகின்றன, ஆக்சிஜன் பட்டதும் கறுக்கின்றன. கண்ணால் பார்க்கக்கூடிய வேதியியல் இது. ஆனால் சிறுநீர் கறுக்கும் அளவுக்கு மூலப்பொருள் சேர வேண்டுமென்றால், நோய் பெரும்பாலும் கல்லீரல் போன்ற உள்ளுறுப்புகளை எட்டியிருக்க வேண்டும். அடையாளத்தில் பொய்யில்லை. அது வந்து சேர்ந்தபோது மருத்துவரால் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை.

தோல் புற்றுநோயில் குறிப்பான்களின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மருத்துவமனைகளில் ‘ட்யூமர் மார்க்கர்’ என்று சொல்லப்படும் புற்றுநோய்க் குறிப்பான், கட்டியின் செல்களோ கட்டிக்கு எதிர்வினையாக உடலோ உண்டாக்கும் ஒரு பொருள். புரதமாக இருக்கலாம், நொதியாக இருக்கலாம், மரபணுவில் நேர்ந்த ஒரு பிழையாகவும் இருக்கலாம். 1840-களில் லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ், எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயாளி ஒருவரின் சிறுநீரில் விநோதமான ஒரு புரதத்தைக் கண்டார். 1963-ல் சோவியத் விஞ்ஞானி காரி அபெலெவ், கல்லீரல் புற்றுநோய் வந்த எலிகளின் ரத்தத்தில், கருவில் மட்டுமே இருக்க வேண்டிய ஒரு புரதத்தைக் கண்டார். இரண்டே ஆண்டுகளில் கனடாவில் கோல்டும் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றுநோய்க்கு சி.இ.ஏ. என்ற குறிப்பானைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு புற்றுநோய்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை வந்துவிடும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பரவியது. தோலுக்கும் ஒன்று வரும் என்று காத்திருந்தார்கள்.

வந்தது. அதன் பெயர் எஸ்-100. 1965-ல் அமெரிக்காவில் பிளேக் மூர் மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்த புரதம். அம்மோனியம் சல்ஃபேட் நூறு சதவீதம் நிறைந்த கரைசலிலும் கரைந்தே நிற்கும் என்பதால் அந்தப் பெயர். நரம்பு மண்டலத்துக்கே உரியது என்று முதலில் நினைத்தார்கள். 1980-ல் மெலனோமா செல்களிலும் அது இருப்பது தெரிந்தது. இது தற்செயல் இல்லை. கருவில் நரம்புக் கொடிமுகடு என்ற பகுதியிலிருந்து புறப்படும் செல்களில் சில நரம்பு உறைச் செல்களாகின்றன, சில தோலுக்குப் போய் நிறமிச் செல்களாகின்றன. பிறப்பிடம் ஒன்று என்பதால் புரதமும் ஒன்று.

இந்தக் குடும்பத்தில் எஸ்-100பி என்ற வகையை இப்போது ரத்தத்தில் எளிதாக அளக்கலாம். நோய் உடலெங்கும் பரவிய நான்காம் நிலையில் பெரும்பாலோருக்கு அது உயர்ந்திருக்கும். ஆனால் தோலோடு நிற்கும் முதல் நிலையில், குணமாக்க வாய்ப்பு மிக அதிகமாக உள்ள அந்தக் கட்டத்தில், அநேகமாக எல்லோருக்கும் சரியான அளவிலேயே இருக்கும். ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். 5 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு மெலனோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு சுமார் 20 கன மில்லிமீட்டர். பெரியவர் உடலில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர், அதாவது 50 லட்சம் கன மில்லிமீட்டர். கட்டியைப் போல இரண்டரை லட்சம் மடங்கு. அந்தச் சிறிய திட்டு எவ்வளவு புரதத்தைக் கசியவிட்டாலும் இந்த வெள்ளத்தில் அது காணாமல் போய்விடும். போதாததற்கு, எஸ்-100பி ரத்தத்தில் தங்குவதும் இல்லை. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கொழுப்புச் செல்களிலும் மூளையிலும் இதே புரதம் இருக்கிறது. ஸ்காண்டிநேவிய நாடுகளில், தலையில் லேசாக அடிபட்டு வருபவருக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று முடிவுசெய்ய எஸ்-100பி அளவைப் பார்க்கிறார்கள். அங்கே விபத்துப் பிரிவில் மூளைக் காயத்தின் அடையாளமாக இருப்பது, தோல் நோய்ப் பிரிவில் மெலனோமாவின் அடையாளம். எண் உயர்ந்தால் இரண்டில் எது என்று எண்ணே சொல்லாது.

‘தவறாகக் காட்டினால் என்ன, மறுபடி பார்த்துக்கொள்ளலாமே’ என்று தோன்றும். அதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு லட்சம் பேர் ரத்தம் கொடுக்கிறார்கள், அவர்களில் 100 பேருக்கு மெலனோமா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும் பரிசோதனை நம்மிடம் இருப்பதாகவும் கற்பனை செய்வோம். இவ்வளவு நல்ல ரத்தப் பரிசோதனை மெலனோமாவுக்குக் கிடையாது. இருந்தாலும் என்ன ஆகும்? 100 நோயாளிகளில் 90 பேர் பிடிபடுவார்கள். மீதி 99,900 பேரில் 5 சதவீதம், அதாவது 4,995 பேர், எந்த நோயும் இல்லாமலே ‘பாசிட்டிவ்’ ஆவார்கள். பாசிட்டிவ் என்று தாள் வாங்கியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட உண்மையில் நோய் இருக்காது. மற்ற அத்தனை பேரும் ஸ்கேன், செலவு, தூக்கமில்லாத இரவுகள் என்று அலைவார்கள். தவறவிட்ட 10 பேரோ, ‘எல்லாம் நார்மல்’ என்ற தாளை நம்பி, மாறிக்கொண்டிருக்கும் மச்சத்தை மறந்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பத்துப் பேரைப் பற்றித்தான் அதிகக் கவலை.

இதனால்தான், தோலில் உள்ள ஒரு புள்ளி புற்றுநோயா என்று கண்டுபிடிக்க எஸ்-100பி உட்பட எந்த ரத்தக் குறிப்பானையும் மருத்துவ வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே மெலனோமா என்று உறுதியாகி, கட்டியை அகற்றியவருக்கு நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் வேலை வேறு. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் அதற்கு எஸ்-100பி பயன்படுகிறது. அமெரிக்க வழிகாட்டிகள் அதற்குக்கூட வழக்கமான ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்கின்றன. ஜப்பானில், மெலனின் தயாரிப்பின் நடுவே பிறக்கும் 5-எஸ்-சிஸ்டைனைல்டோபா என்ற பொருளை ரத்தத்தில் அளக்கிறார்கள். பழைய மருத்துவர்களின் கறுத்த சிறுநீரில் இருந்த பொருட்களின் நெருங்கிய உறவு அது.

எல்.டி.எச். என்ற நொதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் லேபில்கூடச் சாதாரணமாகப் பார்க்கும் பரிசோதனை. சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் எரிக்கும் பாதையில் வேலைசெய்யும் நொதி என்பதால், வேகமாக வளரும் கட்டிகளில் மிகுதியாக இருக்கும். செல்கள் சாகும்போது ரத்தத்தில் கொட்டும். மாரடைப்பு, கல்லீரல் அழற்சி, கடுமையான உடற்பயிற்சி எதுவானாலும் உயரும். ரத்தம் எடுத்த ஊசியிலேயே சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால்கூட உயரும். ஊருக்கு மேலே புகை தெரிகிறது, எந்த வீட்டு அடுப்பு என்று புகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே நோயைக் கண்டுபிடிக்க எல்.டி.எச். உதவாது. ஆனால் நான்காம் நிலை மெலனோமா என்று தெரிந்த ஒருவருக்கு அது உயர்ந்திருந்தால், நோயின் போக்கு கடுமையாக இருக்கும் என்று பொருள். மெலனோமாவின் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக்குழுவின் அட்டவணையில் அதிகாரபூர்வமாக இடம் பிடித்திருக்கும் ஒரே ரத்தக் குறிப்பான் இதுதான். எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு பழைய நொதிக்கு அந்த இடம் கிடைத்தது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

மெலனோமாவைவிடப் பரவலான மற்ற இரு தோல் புற்றுநோய்களில் நிலைமை இன்னும் தெளிவு. அடித்தளச் செல் புற்றுநோய்க்குப் பயன்படத்தக்க ரத்தக் குறிப்பான் எதுவுமே இல்லை. செதிள் செல் புற்றுநோய்க்கு எஸ்.சி.சி. ஆன்டிஜென் என்ற ஒன்று உண்டு. 1977-ல் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து கண்டுபிடித்தது, அந்த நோயாளிகளைக் கண்காணிக்க இன்றும் உதவுகிறது. தோல் நோய்க்கு அதை நம்ப முடியாததற்குக் காரணம், சாதாரணத் தோலே அதைத் தாராளமாகத் தயாரிப்பதுதான். சொரியாசிஸ், எக்சிமா உள்ளவர்களுக்கு அது உயரும். ஆய்வகத்தில் மாதிரியைக் கையாள்பவரின் தோல் துகளோ எச்சில் திவலையோ குழாயில் விழுந்தால்கூட எண் ஏறிவிடும்.

இதுவரை படித்தவர்களுக்குக் குறிப்பான்களே வீண் என்று தோன்றியிருந்தால், அது சரியல்ல. இதே எஸ்-100-ஐ ரத்தக் குழாயிலிருந்து எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள், கதை தலைகீழாகிவிடும்.

சந்தேகத்துக்குரிய மச்சத்தைச் சுற்றி ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து முழுதாக வெட்டி எடுக்கிறார்கள். பயாப்சி என்பது இதுதான். அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் புதைத்து, நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவுகிறார்கள். ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சீவலைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்கூறியல் நிபுணர் பெரும்பாலான நேரங்களில் அங்கேயே முடிவு சொல்லிவிடுவார். 1970-ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ காட்டிய வழியில், தோலின் மேலடுக்கிலிருந்து கட்டியின் ஆழமான செல் வரை எத்தனை மில்லிமீட்டர் என்றும் அளப்பார். ஒரு அளவுகோலும் நுண்ணோக்கியும் தரும் இந்த எண்ணுக்கு ஈடான ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. தடிமன் 0.8 மில்லிமீட்டருக்குக் குறைவாக, மேல்தோல் புண்ணாகாமல், நெறிக்கட்டிக்கும் பரவாமல் இருந்தால், பத்தாண்டு கழித்தும் நூற்றில் 98 பேர் இந்த நோய்க்குப் பலியாகாமல் இருக்கிறார்கள்.

குறிப்பான்கள் தேவைப்படுவது பார்வை மட்டும் போதாத இடங்களில். நிறமே இல்லாத மெலனோமாக்கள் உண்டு. நுண்ணோக்கியில் அவை செதிள் செல் புற்றுநோய் போலவோ தசைக் கட்டி போலவோ வேஷம் கட்டும். அப்போது சீவலின் மேல் ஆன்டிபாடிகளை விடுகிறார்கள். ஒவ்வொரு ஆன்டிபாடியும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும். பற்றிய இடத்தில் நிறம் தோன்றுமாறு ஒரு நொதியும் சேர்ந்து வரும். எஸ்-100, சாக்ஸ்-10 இரண்டும் ஏறக்குறைய எல்லா மெலனோமாவிலும் நிறம் காட்டும். மெலன்-ஏ, எச்.எம்.பி.-45 இரண்டும் நிறமிச் செல்களுக்கே உரியவை. ஆனால் நார்போல விரியும் டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமாவில் இந்த இரண்டும் பெரும்பாலும் நிறம் காட்டாது. அங்கே எஸ்-100-ம் சாக்ஸ்-10-ம்தான் காப்பாற்றும். ஒன்றை மட்டும் நம்பாமல் பல குறிப்பான்களைச் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இந்த வேலையின் நுணுக்கத்துக்கு ஒரு உதாரணம். ஆன்டிபாடி பற்றிய இடத்தில் வழக்கமாகத் தோன்றுவது பழுப்பு நிறம். மெலனினும் பழுப்பு. நிறம் மண்டிக் கிடக்கும் மச்சத்தில் எது சாயம், எது உடம்பின் சொந்த நிறம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் தோல் சீவல்களுக்குப் பல ஆய்வகங்கள் சிவப்புச் சாயத்தைப் பயன்படுத்துகின்றன. இன்னொன்று நெறிக்கட்டியில். மெலனோமா முதலில் பரவும் நிணநீர்க் கணுவைத் தேடி எடுத்துப் பார்க்கும் முறையை 1992-ல் டொனால்ட் மார்ட்டன் வெளியிட்டார். அந்தக் கணுவில் எஸ்-100 மட்டும் போட்டால், அங்கே இயல்பாகவே குடியிருக்கும் டென்ட்ரைட் செல்களும் நிறம் காட்டிக் குழப்பும். இன்னொரு விசித்திரம், கணுவின் உறையில் எந்தத் தீங்கும் இல்லாத மச்சச் செல்கள் ஒதுங்கியிருப்பது. அவற்றைப் பரவிய புற்றுநோய் என்று படித்துவிட்டால் ஒரு மனிதரின் சிகிச்சை முழுக்க மாறிவிடும். அவை எச்.எம்.பி.-45-க்குப் பெரும்பாலும் நிறம் காட்டாது. கட்டி எங்கே இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் குறிப்பான் பேசும்.

மச்சமா, மெலனோமாவா என்ற கேள்விக்குத்தான் விடை கடினம், ஏனென்றால் இரண்டும் ஒரே செல். மேலே சொன்ன நான்கும் இரண்டிலும் நிறம் காட்டும். இங்கே பெரிய உதவியாக வந்தது பிரேம் என்ற புரதம். 2018-ல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தினர் வெளியிட்ட ஆய்வில், தோலில் தோன்றிய மெலனோமாக்களில் சுமார் 83 சதவீதம் செல்லுக்குச் செல் நிறம் காட்டின. மச்சங்களில் சுமார் 86 சதவீதம் துளிகூட நிறம் காட்டவில்லை. மீதி விழுக்காடுகளில்தான் மனித அனுபவம் தேவைப்படுகிறது. சந்தேகமான சீவலை இரண்டாவது நிபுணருக்கு அனுப்பும் வழக்கம் பிரேம் வந்த பிறகும் நிற்கவில்லை, நிற்கவும் கூடாது.

மரபணுக் குறிப்பான்களிலும் இதே பாடம். 2002-ல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தை மையமாகக் கொண்ட குழு, பிராஃப் என்ற மரபணுவில் ஒரே ஒரு இடத்தில் நேரும் மாற்றம் மெலனோமாக்களில் மிகப் பரவலாக இருப்பதைக் கண்டுபிடித்தது. ஏறக்குறைய பாதி மெலனோமாக்களில் அது உண்டு. புரதத்தின் 600-ஆவது இடத்தில் வேலின் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டாமிக் அமிலம் வந்துவிடுகிறது, செல்லுக்குப் ‘பெருகு’ என்ற கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. நோயைக் கண்டுபிடிக்கச் சரியான குறிப்பான் கிடைத்துவிட்டது என்று நினைப்போம். அடுத்த ஆண்டே வந்த ஆய்வு, சாதுவான மச்சங்களில் பெரும்பான்மையானவற்றிலும் இதே மாற்றம் இருப்பதைக் காட்டியது. மச்சத்தின் செல்கள் அந்தக் கட்டளையைக் கேட்டுக் கொஞ்சம் பெருகி, பிறகு தாமாகவே நின்றுவிடுகின்றன. எனவே பிராஃப் மாற்றத்தை வைத்துப் புற்றுநோய் என்று சொல்ல முடியாது. ஆனால் பரவிய மெலனோமா உள்ளவருக்கு எந்த மருந்து என்று தீர்மானிக்க அதைவிடத் தெளிவான வழிகாட்டி இல்லை. 2011-ல் வெமுராஃபெனிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, பிராஃப் மாற்றத்தைக் கண்டறியும் பரிசோதனைக்கும் கூடவே அனுமதி கிடைத்தது. மாற்றம் இல்லாதவருக்கு இந்த மாத்திரையால் நன்மை இல்லை, தீங்கு நேரலாம்.

ரத்தத்துக்கும் ஒரு நல்ல செய்தி இல்லாமல் இல்லை. மெர்கல் செல் புற்றுநோய் என்ற அரிய, மூர்க்கமான தோல் புற்றுநோயில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று 2008-ல் பிட்ஸ்பர்க்கில் யுவான் சாங், பாட்ரிக் மூர் ஆகியோரின் குழு கண்டுபிடித்தது. அந்த வைரஸின் புற்றுப் புரதத்துக்கு எதிராக நோயாளிகளில் பாதிப் பேருக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி உருவாகிறது. சிகிச்சைக்குப் பிறகு அது இறங்கிக்கொண்டே போனால் நிம்மதி. ஏறத் தொடங்கினால், ஸ்கேன் எடுத்துத் தேட வேண்டும். இங்கும் நோயை முதலில் உறுதிசெய்வது பயாப்சிதான். செல்கருவை ஒட்டிப் பொட்டு வைத்ததுபோல் நிறம் காட்டும் சி.கே.-20 என்ற புரதம், இதை நுரையீரலிலிருந்து வந்த சிறுசெல் புற்றுநோயிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. கட்டியிலிருந்து ரத்தத்தில் உதிரும் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடும் பரிசோதனைகள் பரவிய நோயைக் கண்காணிப்பதில் நம்பிக்கை தருகின்றன. ஒரு மில்லிமீட்டர் மெலனோமாவுக்கு அவையும் முன்பு போட்ட இரண்டரை லட்சம் மடங்குக் கணக்கிலேயே மாட்டிக்கொள்கின்றன.

இந்தக் கணக்குகள் நமக்கு ஏன் முக்கியம்? கறுத்த தோலுள்ள நம்மிடம் மெலனோமா அரிது. வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் வகைக்குப் பெரும்பங்கு உண்டு. வெயில் படாத இடங்கள் இவை. இந்த வகையில் பிராஃப் மாற்றமும் குறைவாகவே இருக்கும். ஜமைக்காவின் இசைக் கலைஞர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது இந்த வகைதான். கால்பந்து ஆட்டத்தில் பட்ட காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. நோய் பரவி, 1981 மே 11 அன்று 36 வயதில் இறந்தார். நம் ஊரிலும் உள்ளங்கால் கறுப்பை ஆணி என்றும், முள் குத்திய தழும்பு என்றும், செருப்புக் கடித்தது என்றும் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதே ஆட்கள் ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை செய்து, ‘கேன்சர் மார்க்கர் எல்லாம் நார்மல்’ என்று தாளை மடித்து வைத்திருப்பார்கள். அந்தத் தாளில் உள்ளங்காலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பயமும் இங்கே வேரூன்றியிருக்கிறது. பயாப்சி எடுத்ததால் மெலனோமா பரவுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, எடுத்தவர்களின் ஆயுள் குறைவதும் இல்லை. எடுக்காமல் விட்டால் வளரும் ஒவ்வொரு அரை மில்லிமீட்டரும் ஆயுளைக் குறைக்கும்.

ஆகவே குளிக்கும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் காலை நீங்கள் பாருங்கள். மாறிக்கொண்டிருக்கும் கறுப்புத் திட்டு, ஆறாத புண், நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு, அதன் நிறம் நகத்தைச் சுற்றிய தோலுக்கும் பரவுவது என்று எது தெரிந்தாலும், ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள். பயாப்சி தேவையா என்று நீங்களே கேளுங்கள். தேவை என்று சொன்னால் அந்த வாரமே எடுத்துவிடுங்கள்.